முடக்குவாதம்: இந்தப் பேரு எங்கேர்ந்து வந்துச்சு?

ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்னு டாக்டர் சொன்னதும் நெட்ல தேடினா தமிழ்ல "முடக்குவாதம்"னு வருது, அதைப் பாத்ததுமே பாதிப் பேருக்கு பக்கவாதம் மாதிரி கை கால் விழுந்துடுமோன்னு பயம் வந்துடுது. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. பக்கவாதம் மூளைக்குப் போற ரத்தம் அடைபட்டோ கசிஞ்சோ வர்றது, இது மூட்டுல வர்றது. ரெண்டுலயும் "வாதம்" ஒட்டிக்கிட்டு இருக்கக் காரணம் சித்த வைத்தியம், வலி, பிடிப்பு, அசைவு போறது எல்லாத்தையும் அது வாதத்தோட, அதாவது உடம்புல இருக்கிற காத்தோட கணக்குலதான் எழுதும். போலியோவைக்கூட இளம்பிள்ளை வாதம்னுதானே சொல்றோம்.

இங்கிலீஷ் பேரு மட்டும் என்ன ஒழுங்காவா இருக்கு? "ரூமா"ன்னா கிரேக்கத்துல ஓட்டம், ஒழுக்கு. கெட்ட நீர் தலையிலேர்ந்து இறங்கி மூட்டுல தேங்குதுன்னு பழைய வைத்தியருங்க நம்பி, அந்த வலிக்கு ரூமாட்டிசம்னாங்க. நாம காத்துன்னோம், அவங்க தண்ணின்னாங்க, அவ்ளோதான். "ஆர்த்ரான்" மூட்டு, "ஐட்டிஸ்" அழற்சி, நடுவுல வர்ற "ஆய்டு"க்கு அர்த்தம் வெறும் "மாதிரி". ஆக, ரூமாட்டிசம் மாதிரியான மூட்டழற்சி! 1800ல பாரிஸ்ல லாண்ட்ரே-போவே இதைப் பத்தி எழுதினப்போ கவுட்டோட (யூரிக் ஆசிட் படிகம் மூட்டுல சேர்ந்து வர்ற வலி) ஒரு வகைன்னுதான் நெனச்சார். 1859ல லண்டன் டாக்டர் ஆல்ஃப்ரெட் காரட் இது கவுட் இல்ல, தனி வியாதின்னு பிரிச்சு இந்தப் பேர வச்சார். கவுட்ல ரத்தத்துல யூரிக் ஆசிட் ஏறுதுன்னு காட்டினதும் அவர்தான்.

நெசத்துல காத்தும் இல்ல தண்ணியும் இல்ல, நம்ம நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டோட உள்சவ்வைத் தாக்குது, சவ்வு வீங்கித் தடிச்சு குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்குது. பெரும்பாலும் ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி, விரல் மூட்டு, மணிக்கட்டுன்னு ஆரம்பிக்கும், காலைல எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேலயும் விரல் மடங்காது. வயசானா வர்ற மூட்டுத் தேய்மானம் வேற.

தமிழ்ல சரவாங்கின்னும் ஒரு பேரு உண்டு, ஆயுர்வேதக்காரங்க ஆமவாதம்பாங்க. கீல்வாதம்னு எழுதுறதுதான் எனக்குப் பிடிக்கல, கதவுக்கீல்ல இருக்கிற அதே கீல்தான், மூட்டுன்னு அர்த்தம், ஆனா ஒருத்தர் கவுட்டுக்குப் போடுறார், இன்னொருத்தர் தேய்மானத்துக்குப் போடுறார், குழப்பம்தான் மிச்சம். என் ஓட்டு, பேச்சுக்கு முடக்குவாதம், விளக்கிச் சொல்லணும்னா தன்னெதிர்ப்பு மூட்டழற்சி.

ஆனா "முடக்கு"ங்கிறது வைத்தியம் பாக்காம விட்டா வர்ற நெலமை, எல்லாருக்கும் வந்தே தீரும்னு இல்ல. முடக்கத்தான் கீரைக்கு அந்தப் பேரே முடக்கை அறுத்தான்னுதான் வந்துச்சு, தோசை சுட்டு தாராளமா சாப்பிடுங்க, அதுக்காக மாத்திரைய நிறுத்திடாதீங்க. வலி மாத்திரை வலிய மட்டும்தான் அடக்கும், எலும்பு அரிச்சுப் போறத நிறுத்துறது மெத்தோட்ரெக்சேட் மாதிரி மருந்துங்கதான், அதையும் சீக்கிரமே ஆரம்பிச்சாதான் மூட்டு தப்பும். சிகரெட் இருந்தா விட்டுடணும். மெத்தோட்ரெக்சேட்டை வாரத்துல ஒரே நாள்தான் போடணும், தெரியாம தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தானவங்க இருக்காங்க, அதனால எந்தக் கிழமைன்னு சீட்டுல டாக்டர்கிட்டயே தமிழ்ல எழுதி வாங்கிக்கோங்க. கர்ப்பமா இருக்கும்போது அது கூடவே கூடாது, குழந்தைக்கு பிளான் பண்றவங்க முன்கூட்டியே சொல்லிடணும்.