கதவில் எழுதிய எண் வண்டியின் எண் அன்று

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய வட வர்ஜீனியாவில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு. "எங்கள் வீடு ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் இருக்கும்போது ஆர்லிங்டன் என்று எழுதிய வண்டி ஏன் வந்தது?" என்பது ஒன்று. (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற ஆட்சிப்பகுதி.) "அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றுதானே சொன்னோம், தீயணைப்பு வண்டி எதற்கு?" என்பது மற்றொன்று. 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுத்து வண்டிகளை அனுப்பும் பணியில் இருப்பவன் என்ற முறையில், இவ்விரண்டுக்குமான விடையில் பெரும்பகுதி அந்த வண்டியின் கதவிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்வேன். அதைப் படிக்கத் தெரிந்துகொள்வது கடினமன்று.

வாஷிங்டன் பெருநகரப் பகுதியில் ஒவ்வோர் ஆட்சிப்பகுதிக்கும் ஒரு நூறு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆர்லிங்டனுக்கு 100, அலெக்ஸாண்ட்ரியா நகரத்துக்கு 200, ரீகன், டல்லஸ் ஆகிய இரு விமான நிலையங்களையும் நடத்தும் ஆணையத்துக்கு 300, ஃபேர்ஃபாக்ஸுக்கு 400, பிரின்ஸ் வில்லியமுக்கு 500, லவுடனுக்கு 600; பொட்டோமாக் ஆற்றைத் தாண்டி மேரிலாந்துக்குள் போனால் மான்ட்கோமரிக்கு 700, பிரின்ஸ் ஜார்ஜஸுக்கு 800. தலைநகர் மட்டும் நூறு எதுவும் சேர்க்காமல் தன் பழைய எண்களையே வைத்துக்கொண்டிருக்கிறது. பகுதிக்குரிய அந்த எண்ணைக் கழித்தால் மிஞ்சுவது தீயணைப்பு நிலையத்தின் எண். என்ஜின் (தண்ணீர் பீய்ச்சும் பம்பு வண்டி) 404 என்றால் ஃபேர்ஃபாக்ஸின் 4ஆம் நிலையமான ஹெர்ன்டனைச் சேர்ந்தது. 606 என்றால் நம்மவர்கள் நிறைந்த ஆஷ்பர்ன். 701 என்றால் சில்வர் ஸ்பிரிங். கவுண்டியின் பெயரைச் சொல்லாமலே வண்டி எங்கிருந்து வருகிறது என்பதை மூன்று இலக்கங்கள் சொல்லிவிடுகின்றன.

இந்த ஏற்பாடு எதற்கு என்பதை ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியின் எல்லையோரத்தில் உள்ள செவன் கார்னர்ஸ் பகுதியை வைத்துப் பார்க்கலாம். அங்கே ஓர் அடுக்ககத்தில் தீப்பிடித்தால், பக்கத்திலேயே இருக்கும் ஃபேர்ஃபாக்ஸின் 28ஆம் நிலையத்திலிருந்து என்ஜின் 428 கிளம்பும். பெய்லிஸ் கிராஸ்ரோட்ஸிலிருந்து 410 வரும். எல்லைக்கு அப்பால் ஃபால்ஸ் சர்ச்சில் ஆர்லிங்டன் துறை நடத்தும் 6ஆம் நிலையத்திலிருந்து 106 வரக்கூடும். வட வர்ஜீனியாவில் அருகிலிருக்கும் வண்டியை அனுப்புவதுதான் விதி. எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பது வரி வசூலிப்பவரின் கவலையே தவிர, எங்கள் கவலையன்று. ஒவ்வொரு துறையும் தன் வண்டிகளை 1, 2, 3 என்று எண்ணியிருந்தால் ஒரே தெருவில், ஒரே வயர்லெஸ் அலைவரிசையில் மூன்று "என்ஜின் 6" பேசிக்கொண்டிருக்கும். பின்புறம் போகச் சொன்னது யாரை, மாடிக்கு ஏறச் சொன்னது யாரை என்று கேட்டுத் தெளியும் நேரத்தில் தீ அடுத்த அறைக்குப் போய்விடும்.

பல துறைகள் சேரும் இடத்தில் ஒன்றோடொன்று பொருந்தாமை என்ன செய்யும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. பால்டிமோர் நகரில் 1904 பிப்ரவரி 7ஆம் தேதி பற்றிய தீ முப்பது மணி நேரத்துக்கு மேல் எரிந்து, 1500க்கும் அதிகமான கட்டடங்களை அழித்தது. வாஷிங்டன், பிலடெல்ஃபியா போன்ற நகரங்களிலிருந்து ரயிலேறி உதவிக்கு வந்த வண்டிகள் பலவற்றின் குழாய்த் தலைப்புகள் பால்டிமோரின் தண்ணீர்க் குழாய்களில் பொருந்தவில்லை. தலைப்பின் அளவு பொருந்தாவிட்டால் கண்ணுக்குத் தெரியும். எண்ணும் பெயரும் பொருந்தாவிட்டால் வயர்லெஸ்ஸில் குழப்பம் வந்த பிறகுதான் தெரியும். 2001 செப்டம்பர் 11 அன்று பென்டகனை நோக்கித் தாழப் பறந்த விமானத்தைக் கண்டு, அது விழுந்த செய்தியைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னது ஆர்லிங்டனின் என்ஜின் 101 குழு. அன்று அலெக்ஸாண்ட்ரியா, ஃபேர்ஃபாக்ஸ், விமான நிலைய ஆணையம், தலைநகர் எனப் பல துறைகளின் வண்டிகள் அந்த இடத்தில் குவிந்தன. அப்படிப்பட்ட ஒரு நாளில் 101 என்ற எண்ணுக்கு ஒரே ஒரு குழுதான் பதில் சொல்லும் என்பது சிறிய உதவி அன்று.

எண்ணுக்கு முன்னால் வரும் சொல், வண்டியால் என்ன முடியும் என்பதைச் சொல்கிறது. என்ஜின் என்பது பம்பும் தண்ணீர்த் தொட்டியும் குழாய்ச் சுருள்களும் உள்ள வண்டி. ட்ரக் என்று நாங்கள் சொல்வது சாலையில் போகும் எந்த லாரியையும் அன்று. உயர ஏணி பொருத்திய வண்டியை மட்டும். அதில் வருகிறவர்கள் கதவை உடைப்பார்கள், ஆட்களைத் தேடுவார்கள், கூரையில் துளையிட்டுப் புகையை வெளியேற்றுவார்கள். பல ட்ரக்குகளில் தீயில் பீய்ச்சத் தண்ணீரே இராது. ஏணியின் நுனியில் ஆள் நிற்கும் கூடை இருந்தால் அது டவர். நசுங்கிய காரை வெட்டித் திறக்கும் கருவிகளோடு வருவது ரெஸ்க்யூ. பட்டாலியன் என்ற சொல் எழுதிய வண்டி பல நிலையங்களுக்குப் பொறுப்பான அதிகாரியுடையது. அதன் பின்னால் வரும் எண்ணை நிலையத்தின் எண்ணாகக் கொள்ளக்கூடாது. மான்ட்கோமரியிலும் தலைநகரிலும் ஆம்புலன்ஸ் என்றால் அடிப்படைச் சிகிச்சை, மெடிக் என்றால் பாராமெடிக் (அவசர மருத்துவத்தில் மேல்நிலைப் பயிற்சி பெற்றவர்) உடன் வரும் மேல்நிலைச் சிகிச்சை. ஃபேர்ஃபாக்ஸில் என்ஜின்களிலேயே பாராமெடிக் பயணம் செய்கிறார். நெஞ்சுவலிக்கு ஏன் பெரிய சிவப்பு வண்டி வருகிறது என்பதற்கு விடை இதுதான்: மெடிக் வண்டி வேறோர் அழைப்பில் இருக்கலாம், ஆனால் என்ஜின் உங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது, அதில் இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவியும் அதை இயக்கத் தெரிந்தவரும் இருக்கிறார்கள்.

வெளியாட்கள் பெரும்பாலும் அறியாத செய்தி ஒன்று உண்டு. என்ஜின் 428 என்பது ஓர் இயந்திரத்தின் பெயர் அன்று. அந்த வண்டி பழுதுபார்க்கப் பட்டறைக்குப் போனால், இருப்பில் உள்ள பழைய வண்டி ஒன்று நிலையத்துக்கு வரும். குழாய்களும் கருவிகளும் அதற்கு மாற்றப்படும். பக்கவாட்டில் கழற்றி மாட்டக்கூடிய எண் பலகையில் 428 ஏறும். அந்த நிமிடத்திலிருந்து அதுதான் என்ஜின் 428. பதிவுப் பலகையும் பட்டறை எண்ணும் வேறாக இருந்தாலும் கட்டுப்பாட்டு அறைக்கு அவை பொருட்டில்லை. எண் ஒட்டிக்கொண்டிருப்பது ஒரு குழுவின் மீது, அந்தக் குழுவின் பொறுப்பின் மீது.

இருக்கை வரை இறங்கி வந்து பார்த்தால் இது இன்னும் துலங்கும். எங்கள் வட்டாரத்தில் கையடக்க வயர்லெஸ் ஆளுக்கு ஒன்று என்று தரப்படுவதில்லை, இருக்கைக்கு ஒன்று என்று தரப்படுகிறது. அதிகாரியின் இருக்கைக்குரிய கருவியில் யார் பேசினாலும் என் திரையில் 428 அதிகாரி என்றே தெரியும். பின்னிருக்கைக் கருவியில் பேசினால் அந்த இருக்கையின் பெயர் தெரியும். புகைக்குள் சிக்கிய ஒருவர் பேச முடியாமல் அவசரப் பொத்தானை மட்டும் அழுத்தினாலும், எந்த வண்டியின் எந்த இருக்கைக்காரர் என்பது எங்களுக்கு வந்துவிடும். ஆகவே பணி தொடங்கும்போது இருக்கை மாறி அமர்கிறவர், கருவியையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பேச முடிந்தவர் உயிராபத்தை அறிவிக்கும் "மேடே" என்ற சொல்லை மும்முறை சொல்லிவிட்டு, எங்கே இருக்கிறார், எந்த வண்டிக் குழு, பெயர் என்ன, என்ன வேலையில் இருந்தார், என்ன உதவி தேவை என்பதை அந்த வரிசையிலேயே சொல்லப் பயிற்றுவிக்கப்படுகிறார். இடத்துக்கு அடுத்தபடியாக வருவது வண்டி எண். பெயர்கூட அதற்குப் பிறகுதான்.

முதலில் போய்ச் சேரும் குழுவின் பேச்சைக் கேட்டால் இந்த ஒழுங்கு புரியும். "என்ஜின் 428 வந்துவிட்டது, மூன்று மாடி அடுக்ககம், ஏ பக்கம் இரண்டாம் தளத்தில் புகை, கட்டளைப் பொறுப்பை ஏற்கிறேன்." ஏ பக்கம் என்பது பொதுவாகத் தெருவை நோக்கிய முகப்பு, அங்கிருந்து வலமாகச் சுற்றினால் பி, சி, டி. அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு குழுவும் தன் ஆட்களின் பெயர் ஒட்டிய சிறு அட்டையைக் கட்டளை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகும். அதிகாரி குறித்த இடைவெளியில் எண் சொல்லி அழைப்பார். குழுத் தலைவர் தன் ஆட்களை எண்ணிப் பார்த்து, எல்லாரும் இருக்கிறார்கள் என்று பதில் சொல்வார். ஓர் எண்ணுக்குப் பதில் வராமல் போனால், அந்த அமைதிதான் அந்தத் தீயில் மிக முக்கியமான செய்தி.

எல்லா ஊரும் இப்படி எண்ணுவதில்லை. நியூயார்க்கில் என்ஜின்களுக்கு ஒரு வரிசை, ஏணி வண்டிகளுக்கு வேறொரு வரிசை. மிட்டவுனில் எட்டாவது அவென்யூவில் உள்ள ஒரே நிலையத்தில் என்ஜின் 54, லேடர் 4, பட்டாலியன் 9 என மூன்று எண்கள் குடியிருக்கின்றன. புரூக்ளினுக்குப் போனால் என்ஜின் எண்கள் 201இல் தொடங்குகின்றன. 1898இல் புரூக்ளின் நியூயார்க்கோடு இணைந்த பிறகு இரு நகரங்களின் எண்களும் மோதாமல் இருக்க முதலில் ஒரு நூறும், பின்னர் இன்னொரு நூறும் கூட்டப்பட்டன. ரெஸ்க்யூ குழுக்கள் மட்டும் பெருநகரின் ஐந்து பகுதிகளுக்கு ஒன்று வீதம்: மன்ஹாட்டனுக்கு 1, புரூக்ளினுக்கு 2, பிராங்ஸுக்கு 3, குயின்ஸுக்கு 4, ஸ்டேட்டன் தீவுக்கு 5. அங்குள்ளவர்களுக்கு அந்த எண்கள் குலப்பெயர் மாதிரி. மாற்றச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஆனால் எண்ணைப் பார்த்து நிலையம் எங்கே என்று வெளியூர்க்காரரால் ஊகிக்க முடியாது என்பதால், பல துறைகள் கலந்து வேலை செய்யும் இடத்துக்கு எங்கள் முறையே மேல் என்பது என் கருத்து.

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் 200 என்பது ஊரைக் குறிப்பதில்லை. என்ஜின் 9 என்பது 9ஆம் நிலையத்தின் முதல் பம்பு வண்டி; 209 என்பது அதே நிலையத்தில் ஏணி வண்டியோடு இணைந்து போகும் இரண்டாவது பம்பு. லண்டனில் எழுத்தும் சேரும்: 2017 ஜூன் 14 அதிகாலை தீப்பிடித்த கிரென்ஃபெல் டவர் அடுக்ககத்துக்கு வடக்கு கென்சிங்டனிலிருந்து போன முதல் வண்டிகள் ஜி271, ஜி272. அதில் ஜி27 நிலையம், கடைசி இலக்கம் வண்டி. ஜெர்மனியிலோ தீயணைப்பு வண்டி என்றால் பெரும்பாலும் வயர்லெஸ்ஸில் முதலில் ஃப்ளோரியன் என்ற புனிதரின் பெயர் ஒலிக்கும், பிறகு ஊர், பிறகு எண்கள்.

கலிஃபோர்னியாக் காட்டுத்தீக்கு நூற்றுக்கணக்கான துறைகளின் வண்டிகள் போகும்போது எண் மட்டும் போதாது. கிழக்குக் கரையில் டேங்கர் என்றால் தண்ணீர் லாரி. அங்கே டேங்கர் என்றால் தீ பரவாமல் தடுக்கும் மருந்தை வானிலிருந்து கொட்டும் விமானம், லாரிக்குப் பெயர் வாட்டர் டெண்டர். தெரியாமல் கேட்டுவிட்டால் லாரி எதிர்பார்த்த இடத்துக்கு விமானம் வந்து நிற்கும். ஆகவே வண்டிகளை அவற்றின் திறன்படி வகை 1, வகை 3 என்று பிரித்து, ஒரே வகையில் ஐந்து என்ஜின்களை ஒரு தலைவரின் கீழ் கோத்து, அந்தத் தொகுதிக்குப் புதிய எண் கொடுக்கிறார்கள். பல வண்டிகளின் கூரையிலும் பெரிதாக எண் எழுதியிருப்பது ஹெலிகாப்டரில் இருப்பவர் படிப்பதற்காக.

இவற்றில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படுபவை சில. வந்த குழுவைப் பற்றி நன்றியோ புகாரோ சொல்ல வேண்டுமானால் வண்டியின் பதிவு எண்ணைத் தேட வேண்டாம். என்ஜின், மெடிக் என்ற சொல்லோடு கதவிலுள்ள எண், தேதி, ஏறக்குறைய நேரம் ஆகியவை போதும், யார் யார் வந்தார்கள் என்பதைத் துறை எடுத்துவிடும். வேறு கவுண்டியின் எண்ணைக் கண்டு தவறான வண்டி வந்துவிட்டதோ என்று எண்ணித் திரும்ப 911ஐ அழைக்க வேண்டாம். எல்லையோரத்தில் வசிப்பவர்கள் இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: கைபேசி அழைப்பு, கோபுரம் இருக்கும் பக்கத்தைப் பொறுத்துப் பக்கத்துக் கவுண்டியின் மையத்துக்குப் போய்விடலாம், ஒரே தெருப்பெயர் இரண்டு கவுண்டிகளிலும் இருக்கலாம். எனவே வீட்டு எண்ணையும் தெருவையும் சொன்னவுடன் ஊரையும் கவுண்டியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுக்ககமானால் கட்டட எண்ணையும் கதவு எண்ணையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு எண் இரவில் தெருவிலிருந்து தெரிகிறதா என்று இன்றைக்கே வாசலுக்கு இறங்கிப் பாருங்கள்; செடி மறைத்திருந்தால் வெட்டிவிடுங்கள்.