கம்பெனி போனாலும் ரயில் போகாது

2025 மே 25 அன்று, லண்டனுக்கு ரயில் ஓட்டும் சவுத் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனி அரசு கைக்குப் போனதும், தினமும் சர்பிட்டனிலிருந்து வாட்டர்லூ போகிற நண்பர் கேட்டார்: "அப்போ இந்த ரயிலெல்லாம் இனிமே அரசாங்கத்தோடதா?" இல்லை. நேற்றும் வாடகை ரயில், இன்றும் வாடகை ரயில். வாடகை கட்டுகிறவர்தான் மாறியிருக்கிறார்.

பிரிட்டிஷ் ரயிலைத் தனியாரிடம் கொடுத்தபோது பெட்டிகளை ஏஞ்சல், எவர்ஷோல்ட், போர்ட்டர்புரூக் என்று மூன்று வாடகை நிறுவனங்களுக்குப் பங்கு போட்டு, 1996-ல் விற்றுவிட்டார்கள். ஓட்டும் உரிமம் பெரும்பாலும் பத்து வருஷத்துக்குள் முடிந்துவிடும், ரயிலோ முப்பது வருஷத்துக்கு மேல் ஓடும். பாதியில் போகிறவர் எப்படிச் சொந்தமாக வாங்குவார்?

உரிமம் கைமாறும் இரவில் வெளியே ஒன்றுமே தெரியாது. அதே பணிமனை, அதே ஊழியர்கள். சண்டையெல்லாம் ரயிலை எந்த நிலைமையில் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான். கல்யாணத்துக்கு எடுத்த வாடகைப் பாத்திரத்தைத் திருப்பும்போது கரண்டியை எண்ணி, அண்டாவில் நசுங்கலைத் தடவிப் பார்ப்பார்களே, ரயில் கைமாறும்போது என் வேலையும் ஏறத்தாழ அதுதான். சக்கரம் தேயத் தேயக் கடைசல் போட்டு வடிவத்தைச் சரிசெய்வார்கள், ஒவ்வொரு கடைசலுக்கும் விட்டம் குறையும், ஓர் அளவுக்குக் கீழே போனால் மாற்றியே ஆகவேண்டும். ஒருமுறை நான் பார்த்த தொடரில் இன்னும் ஒரே ஒரு கடைசலுக்குத்தான் இடம் இருந்தது. "ஓடுதே, அப்புறம் என்ன?" என்றார் உரிமம் முடிந்து போகிற கம்பெனிக்காரர். உரிமையாளர் ஒப்பந்தத்தைப் புரட்டி 'பாதி ஆயுள் மீதமிருக்க வேண்டும்' என்ற வரியில் விரலை வைத்தார். வாடகைக்கு எடுக்கும்போது சக்கரம் எப்படி இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை! புதிதாக வருகிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்: ஒப்பந்தம் அப்படியே உங்கள் பெயருக்கு மாறினால் பழைய தேய்மானமும் உங்கள் கணக்கில் வந்து உட்காரும். பல மாதம் முன்பே போகிறவர், வருகிறவர், உரிமையாளர் என்று மூன்று தரப்பும் சேர்ந்து அளந்து, படமெடுத்து, கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

உரிமையாளருக்கும் பயம் உண்டு. அடுத்து வருகிறவர் வேண்டாம் என்றால்? 1993 ரயில்வே சட்டத்தின் 54ஆம் பிரிவின்கீழ் சில ரயில்களுக்கு, அடுத்தவரும் இதையே எடுப்பார் என்று அரசு உறுதி கொடுக்கும். அது எல்லா ரயிலுக்கும் கிடைக்காது. 707 என்ற எண் கொண்ட ரயில் ரகத்தைப் பாருங்கள்: சீமென்ஸ் கட்டிய 30 புத்தம்புது ரயில்கள், ஏஞ்சலுக்குச் சொந்தம். 2017 ஆகஸ்டில் முதல் ரயில் பயணிகளோடு ஓடிய மூன்றே நாளில் உரிமம் கைமாறியது, புதியவரான இதே சவுத் வெஸ்டர்ன் ரயில்வேயோ 750 புதுப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து இதை அனுப்பிவிடுவோம் என்று முன்பே அறிவித்திருந்தார். பெயின்ட் வாசனை போவதற்குள் வேண்டாதது ஆகிவிட்டது, எனக்கு இன்னும் ஆறவில்லை. 2021 முதல் 707கள் சவுத்ஈஸ்டர்ன் என்ற வேறொரு ரயில் கம்பெனிக்குப் போயின. அவற்றுக்கு மாற்றாக வரவேண்டிய அந்தப் புது ரகம், 701, பயணிகளை ஏற்றவே 2024 ஜனவரி ஆனது, அதுவரையும் அதற்குப் பிறகும் 1980களில் கட்டிய 455 ரகம் ஓடித் தீர்த்தது.

சரி, நண்பருக்கு வருவோம். அரசு வாங்கியது ஓட்டும் வேலையைத்தான், குத்தகை ஒப்பந்தங்கள் அப்படியே இருக்கின்றன. அவர் இப்போது ஏறுகிற 701-உம் ராக் ரெயில் என்ற இன்னொரு வாடகை நிறுவனத்துடையது.