நிலைத்தன்மை அன்று, வளங்குன்றாமை

அண்மையில் தேர்வுப் பணிக்காக ஒரு கல்லூரிக்குச் சென்றிருந்தேன். நுழைவாயிலை ஒட்டிப் புதிதாக நட்டிருந்த பலகையில் ‘நிலையான வளாகம்’ என்று பச்சை எழுத்தில் இருந்தது. உடன் வந்த முதிய பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, “இதுவரை வாடகைக் கட்டடத்திலா இருந்தார்கள்?” என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, மெய்யாகவே அப்படித்தான் புரிந்துகொண்டார். புதிய பல்கலைக்கழகங்கள் சில ஆண்டுகள் தற்காலிக வளாகத்தில் இயங்கிவிட்டுப் பின்னர் நிலையான வளாகத்துக்குக் குடிபெயரும் செய்தியை நாளிதழில் படித்துப் பழகிய எவரும் அப்படித்தான் புரிந்துகொள்வார். பலகை சொல்ல வந்ததோ ‘சஸ்டைனபிள்’ என்பதை. உள்ளே சென்றால், வேதியியல் துறைக்கு அடுத்த அறையின் கதவில் ‘நிலைத்தன்மைக் குழு’ என்றும் ஒட்டியிருந்தார்கள்.

சொல்லின் பிறப்பு சுருக்கமானது. கீழிருந்து தாங்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து அந்த ஆங்கிலச் சொல் வந்தது. கருத்துக்கு வேறொரு வேர் செருமன் மொழியில் இருக்கிறது. சுரங்கங்களுக்கும் உருக்காலைகளுக்கும் வெட்டி வெட்டிக் காடு அருகிவருவதைக் கண்ட சாக்சனிச் சுரங்கத்துறை அதிகாரி ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், மரம் மீண்டும் தழைக்க இடமிருக்கும் அளவுக்கே அதை வெட்ட வேண்டும் என்று 1713இல் வெளியிட்ட வனவியல் நூலில் வற்புறுத்தினார். வருங்காலத் தலைமுறையின் தேவைக்கு ஊறு வராமல் இன்றைய தேவையை நிறைவு செய்வது என்ற விளக்கத்தை 1987இல் ஐ.நா. அமைத்த புருண்ட்லாந்து ஆணையம் பரப்பியது. 1990இல் பிரான்சின் தலுவாரில் கூடிய பல்கலைக்கழகத் தலைவர்கள் வெளியிட்ட பத்து அம்ச அறிக்கை, அதைக் கல்வி வளாகங்களின் பொறுப்பாகவும் ஆக்கியது. நம் உழவர் மொழியில் சொன்னால், விதைநெல்லைக் குத்தித் தின்னாமல் இருப்பது, அவ்வளவுதான்.

இந்தக் கருத்து ‘நிலைத்தன்மை’ என்ற சொல்லில் எங்கே இருக்கிறது? அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் அமர்ந்துவிட்டது. வேதியியல் பாடநூலில் ஒரு சேர்மம் எளிதில் சிதையாதிருப்பது நிலைத்தன்மை. செய்தித்தாளில் ஆட்சி கவிழாதிருப்பது அரசியல் நிலைத்தன்மை. பொருளியலில் விலை ஏறி இறங்காதிருப்பது விலை நிலைத்தன்மை. மூன்றிலும் அசையாமை என்பதே உட்கிடை. காட்டில் மரம் வெட்டவும் படுகிறது, முளைக்கவும் செய்கிறது. அங்கே எதுவும் அசையாமல் நிற்பதில்லை. எடுப்பதும் ஊறுவதும் ஒன்றுக்கொன்று ஈடாக நடந்துகொண்டே இருப்பதைக் குறிக்க, அசையாமையைச் சுட்டும் சொல்லைக் கடன் வாங்குவது எந்த ஊர் மொழிபெயர்ப்பு என்று தெரியவில்லை.

‘நீடித்த’ என்பார் அடுத்த கட்சியினர். நீடித்த என்பது இறந்தகாலப் பெயரெச்சம்; நீடித்த காய்ச்சல், நீடித்த வழக்கு என்று, முடிந்தபாடில்லாத தொல்லைகளுக்கே அது பெரும்பாலும் வழங்குகிறது. நீடித்த வளர்ச்சி என்றால் நெடுநாளாக நடந்துவரும் வளர்ச்சி என்றே கேட்பவர் கொள்வார். எதனை அழித்து அது நீண்டது என்ற கேள்வியே எழாது. இலங்கையில் வழங்கும் ‘நிலைபேறான’ இதைவிட அழகிய சொல். ஆனாலும் நிலையை விட்டு அது விலகவில்லை.

‘பேண்தகு’ என்பதை ஆதரிப்போர் கற்றறிந்தவர்கள். அவர்களுடன் மோத எனக்குத் தயக்கம் உண்டு. இருப்பினும் மதிக்கத்தகு என்றால் மதிப்பதற்கு உரியது, பாராட்டத்தகு என்றால் பாராட்டுக்கு உரியது. அதே கணக்கில் பேண்தகு வளர்ச்சி என்பது பேணுவதற்கு உரிய வளர்ச்சி ஆகிறது. பேண வேண்டியது கிணறும் காடும் மண்ணும். இந்தத் தொடரிலோ வளர்ச்சியே சீராட்டுப் பெறுகிறது. ஆங்கிலச் சொல்லின் விகுதிக்கு ஒரு ‘தகு’ ஒட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதும் மொழிபெயர்ப்பாளர், எது எதனைப் பேணுகிறது என்று ஒரு கணம் நின்று பார்ப்பதில்லை.

‘வளங்குன்றா வளர்ச்சி’ என்பதில் வளமே எழுவாய். குன்றாதிருக்க வேண்டியது அதுதான். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாதலால் வாடா மலர், பொய்யா மழை போல மூன்று காலத்துக்கும் பொருந்தும். பெயராக்க வேண்டுமானால் வளங்குன்றாமை. இது நேற்றுக் கட்டிய தொடரும் அன்று. மழை பொய்த்தால் உழவர் ஏர் பூட்டார் என்று சொல்லும் 14ஆம் குறளிலேயே, ‘வாரி வளங்குன்றிக் கால்’ என்று அந்த இணை இருக்கிறது. நீர்வளம் அருகுவதைச் சொல்ல வள்ளுவர் கையாண்ட தொடரின் எதிர்மறை நமக்குப் போதாதா?

‘பசுமை வளாகம்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோரும் உண்டு. பசுமை கண்ணுக்குத் தெரியும் நிறம், வளம் அப்படியன்று. கிண்டிக் காட்டை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் புள்ளிமானோடு வெளிமானும் திரிகிறது. வெளிமான் திறந்த புல்வெளியை நாடுவது என்பதை அதன் பெயரே சொல்கிறது. பசுமை என்ற பெயரில் அந்த வெளியெங்கும் மரத்தை நெருக்கி நட்டால் அதற்கு இடமிராது. நான் சென்ற கல்லூரியிலோ, அந்தப் பலகைக்குப் பின்னாலேயே உச்சிவெயிலில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் புல்தரைக்குப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். விடுதி வாயிலில் தண்ணீர் லாரி நின்றது. பசுமைக்கு அங்கே குறைவே இல்லை. ஆயிரம் சதுர மீட்டர்க் கூரையில் நூறு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் நீர் விழுகிறது; அக்கூரையின் மழைநீர்க் குழாயோ முழங்கால் உயரத்தில் முறிந்து வெற்றுச் சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ‘வளங்குன்றா வளாகம்’ என்று எழுதியிருந்தால், எந்த வளம், குன்றியதா இல்லையா என்று மாணவர் எவரேனும் கிணற்றை எட்டிப் பார்த்திருப்பார். ‘நிலையான’ என்பது அப்படி யாரையும் உறுத்தாது. அலுவலகங்களுக்கு அது பிடித்திருப்பதற்கும் அதுவே காரணமோ என்று ஐயுறுகிறேன்.

வளங்குன்றாமை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு நிறுவனம் கொடையில்லாமல் தன் வருவாயிலேயே நடக்குமா என்று கேட்கும் இடத்திலும் ஆங்கிலத்தில் அதே சொல் வருகிறது. அங்கே வளத்தை இழுக்க வேண்டியதில்லை. ‘தாக்குப்பிடிக்குமா’ என்று கேட்டால் கணக்கருக்கும் புரியும், காவலாளிக்கும் புரியும்.