வெக்டருக்குத் தமிழ்ச் சொல் காவி

"திசை இருந்தால் திசையன், இல்லையென்றால் திசையிலி." மதுரையில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிற பலரும் இப்படித்தான் ஒப்பிக்க வைக்கிறார்கள். பாடநூலோ விசை, இடப்பெயர்ச்சி போன்ற திசையன்களை வெக்டர் என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. தமிழில் சொல்ல ஆசைப்பட்டு இணையத்தைத் திறந்தால் அங்கேயும் திசையன்தான். இந்தச் சொல் பிழையான இயற்பியலைக் கற்றுக்கொடுக்கிறது.

லத்தீனில் 'வெஹெரே' என்றால் சுமந்து செல்வது, சுமப்பவர் 'வெக்டர்'. நம் அழகர் ஏறிவரும் குதிரை வாகனத்தில் உள்ள 'வாகனம்' என்ற வடசொல்லும் இதற்கு உறவுமுறைதான். கணிதத்தில் இன்றைய பொருளில் இதை வழங்கியவர் அயர்லாந்துக் கணித அறிஞர் ஹாமில்டன், 1840களில். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுசேர்ப்பது என்பதே உட்பொருள். திசை அதில் ஒரு பகுதி மட்டுமே.

திசை இருந்தாலே வெக்டர் என்றால் மின்னோட்டத்தை என்ன செய்வது? கம்பியில் அது இந்தப் பக்கமாக ஓடுகிறது என்று அம்புக்குறி போட்டுத்தானே காட்டுகிறோம்? ஆனால் 3 ஆம்பியரும் 4 ஆம்பியரும் ஒரு சந்தியில் வந்து சேர்ந்தால், கம்பிகள் எந்தக் கோணத்தில் இருந்தாலும் வெளியே போவது 7 ஆம்பியர்தான். 3 நியூட்டன் விசையும் 4 நியூட்டன் விசையும் செங்குத்தாக இழுத்தால் கிடைப்பது 7 இல்லை, 5. முக்கோண விதிப்படி, அதாவது இரண்டையும் ஒரு முக்கோணத்தின் அடுத்தடுத்த பக்கங்களாக வரைந்தால் மூன்றாம் பக்கமே விடையாகும்படி, கூடுவதுதான் வெக்டருக்கு அடையாளம். மின்னோட்டம் அப்படிக் கூடுவதில்லை. அதனால் அது வெக்டர் ஆகாது. திசையன் என்று படித்த பிள்ளை இந்த இடத்தில் கட்டாயம் சறுக்கும். சறுக்கியதற்குக் காரணம் பிள்ளை அல்ல, சொல்.

தூய தமிழ் என்பதற்காகத் திசையனைத் தாங்குகிறவர்களுக்கு ஒன்று: திசையே வடமொழி 'திசா'தான். அதோடு ஆளைக் குறிக்கிற 'அன்' விகுதியை ஒட்டியிருக்கிறார்கள்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களைப் பாருங்கள். அங்கே வெக்டர் 'காவி', திசையிலி என்று இங்கே சொல்லப்படும் ஸ்கேலர் 'எண்ணி'. காவுதல் என்றால் தோளில் சுமத்தல். பழனிக்கு நடந்துபோகிறவர்கள் தோளில் இருக்கும் காவடியிலும் அதே வேர்தான். காவு என்பதோடு 'இ' சேர்ந்தால் காவி. கடத்து கடத்தி ஆவது போல. லத்தீனின் பொருள் சிந்தாமல் சிதறாமல் வந்துவிட்டது. நோய் பரப்பும் கொசுவை அவர்கள் 'நோய்க்காவி' என்கிறார்கள். உயிரியலுக்கும் இயற்பியலுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருக்கிறது.

காவி என்றால் சாமியார் வேட்டி நினைவுக்கு வராதா என்று கேட்பார்கள். வரட்டுமே! 'கால்' என்ற சொல் உடலுறுப்பையும் குறிக்கிறது, நான்கில் ஒரு பங்கையும் குறிக்கிறது. கால் கிலோ தக்காளி கேட்டால் எந்தக் கடைக்காரரும் குழம்புவதில்லை.

கூட்டிக் காட்டினால் பொருத்தம் இன்னும் தெளிவாகும். வடக்கு மாசி வீதியில் கிழக்கே 400 மீட்டர், முக்கில் திரும்பிக் கீழ மாசி வீதியில் தெற்கே 300 மீட்டர் நடக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நடந்த தொலைவு 700 மீட்டர். இரண்டு காவிகளும் சேர்ந்து நம்மைக் கொண்டுபோய் விட்ட இடமோ, புறப்பட்ட இடத்திலிருந்து 500 மீட்டர்தான். கொண்டுபோய் விடுவது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருப்பதால் இடப்பெயர்ச்சியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்த 500 மீட்டர் எந்தத் திசையில்? இங்கேதான் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டாவது குழியை வெட்டி வைத்திருக்கிறார்கள். பயிற்சித்தாள்களில் 'கிழக்கிற்குத் தெற்கே 37°' என்று அச்சடிக்கிறார்கள். மதுரைக்கு வடக்கே அழகர்கோவில் என்றால் புரியும்; மதுரை ஓர் ஊர். கிழக்கு என்ன ஊரா, அதற்குத் தெற்கே ஒன்று இருக்க? கோணத்தைக் கிழக்கிலிருந்து அளப்பதா, தெற்கிலிருந்து அளப்பதா என்று தெரியாமல் பிள்ளைகள் 37°க்குப் பதிலாக 53°இல் கோடு போடுகிறார்கள். ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு இது. வழி கேட்டால் "கிழக்க போயி அப்படியே தெக்காம திரும்புங்க" என்று நம் ஊர்க்காரர் எவரும் சொல்வார். எங்கே தொடங்கி எந்தப் பக்கம் திரும்புவது என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. ஆகவே, 'கிழக்கிலிருந்து தெற்காக 37°' என்று அச்சிடுங்கள்.