செயற்கூற்று முகவரி: ஒரு சொல் விளக்கம்

‘ஃபங்ஷன் அட்ரஸ்’ என்பதைத் தமிழில் ‘செயற்கூற்று முகவரி’ எனலாம். கணினி நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பெயரிட்ட பகுதியே செயற்கூறு. அதன் இயந்திரக் கட்டளைகள் நினைவகத்தில் எந்த எண்ணுடைய இடத்தில் தொடங்குகின்றனவோ, அந்த எண்ணே அது. ‘ஃபங்ஷன்’ என்பதைச் ‘சார்பு’ என்றும் சிலர் எழுதுகின்றனர். ஆனால் சார்பு, ஒரு மதிப்பு இன்னொன்றைச் சார்ந்திருக்கும் உறவைக் குறிக்கும் கணிதச் சொல். உறவுக்கு இருப்பிடம் இல்லை, கட்டளைத் தொகுதிக்கு உண்டு.

‘அட்ரஸ்’ என்னும் சொல் லத்தீனில் வேர்கொண்டு பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நேராக ஒன்றை நோக்கிச் செலுத்துதல் என்பது அதன் மூலப்பொருள். ‘முகவரி’ கடிதத்தின் முகப்பில் எழுதும் வரி. கொழும்பில் நம் பெரியவர்கள் கேட்கும் ‘விலாசம்’ வடமொழிச் சொல். வடமொழியில் அதற்கு விளையாட்டு, ஒயில் என்பன பொருள்.

வெள்ளவத்தையில் ‘இல. 47/3’ என்றால், முதலில் 47ஐக் கண்டுபிடித்து, அதற்குள் 3ஐத் தேட வேண்டும். செயற்கூற்று முகவரியும் அப்படித்தான், நிரல் நினைவகத்தில் ஏற்றப்படும் தொடக்க இடமான அடிமுகவரியும் அதிலிருந்து உள்ள தொலைவும் சேர்ந்தது. பாதுகாப்புக்காக இயங்குதளம் பெரும்பாலும் ஒவ்வோர் ஓட்டத்திலும் அடிமுகவரியை மாற்றிவிடும், உள்தொலைவு மாறாது. ஆகவே நேற்றைய ஓட்டத்தில் குறித்த எண்ணை இன்று அப்படியே தேடினால் கிடைக்காது.

பலர் தடுமாறுவது அடுத்த இடத்தில். பைத்தான் நிரல்மொழியின் வழக்கமான வடிவமான சிபைத்தானில் ‘ஐடி’ என்னும் செயற்கூறு தருவது பைத்தான் பொருளின் முகவரி, அதன் இயந்திரக் கட்டளைகளின் முகவரி அன்று. சி மொழிச் செயற்கூறுகளைப் பைத்தானிலிருந்து அழைக்க உதவும் ‘சிடைப்ஸ்’ தொகுதி வழியாகப் பெற்ற சி செயற்கூற்றின் மீது, அத்தொகுதியின் ‘அட்ரஸ்ஆஃப்’ பயன்படுத்தினால், முகவரி எழுதியிருக்கும் கடதாசியின் இருப்பிடமே கிடைக்கும். அதே தொகுதியின் ‘காஸ்ட்’ கொண்டு, வகை குறிக்காத சுட்டியாக (‘வாய்ட் பாயின்டர்’, சுட்டி என்பது முகவரியைத் தாங்கும் மதிப்பு) மாற்றி, அதன் மதிப்பைப் படித்தால்தான் செயற்கூற்றின் முகவரி வரும். ‘சுட்டி’ என்ற சொல்லை இதனால் தனியே காக்க வேண்டும். சுட்டெழுத்தைப் போல, அது பொருளைக் காட்டுவது, பொருளாகாது.

வேக ஆய்வில் இந்த எண்களுக்குப் பெயர் தேவை. நிரலின் நேரம் எங்கே செலவாகிறது என்று அளக்கும் லினக்ஸின் ‘பெர்ஃப்’ கருவி முன்பு பைத்தான் செயற்கூறுகளைப் பிரித்துக் காட்டாமல், பைத்தான் நிரலை இயக்கும் இன்டர்பிரெட்டரின் சி செயற்கூறுகளின் பெயர்களையே காட்டியது. தன் பைத்தான் நிரலில் எந்தப் பகுதி மெதுவானது என்று தேடுபவருக்கு அது போதாது. பைத்தான் 3.12இல் இதற்கான ஆதரவை இயக்கினால், ஒவ்வொரு பைத்தான் செயற்கூற்றுக்கும் ஒரு சிறு இடைக்கட்டளைத் துண்டு உருவாகி, அதன் தொடக்க முகவரி, நீளம், பெயர் மூன்றும் ஒரு கோப்பில், செயற்கூற்றுக்கு ஒரு வரியாகப் பதிவாகின்றன. பெர்ஃப் அந்த வரிகளைப் படித்து, எண்ணுக்குரிய பெயரை எடுத்துக்கொள்கிறது.