ககன்: விமானம் இறங்கவும் படகு கரை திரும்பவும் உதவும் 15 தரை நிலையங்கள்

கையடக்க ஜி.பி.எஸ். கருவியோடு நிலம் அளக்கப் போகிறவர்கள், அதில் செயற்கைக்கோள்களைக் காட்டும் பக்கத்தைக் கவனித்திருப்பார்கள். 1 முதல் 32 வரையுள்ள எண்கள் அமெரிக்க ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள். அவற்றோடு சேராமல் 40 அல்லது 41 என்று ஓர் எண் சில கருவிகளில் தலைகாட்டும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது கருவியில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். அது நம் நாட்டுச் செயற்கைக்கோள் என்று பிறகுதான் தெரிந்தது. 40 என்பது ஜிசாட்-8, 41 என்பது ஜிசாட்-10. இரண்டும் வானிலிருந்து அனுப்பிக்கொண்டிருப்பது 'ககன்' என்ற திட்டத்தின் திருத்தச் செய்தி.

ககன் என்பது இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து 774 கோடி ரூபாய்ச் செலவில் அமைத்த ஏற்பாடு. ஜி.பி.எஸ். சொல்லும் இடத்தில் உள்ள பிழையைக் கணக்கிட்டு, திருத்தத்தை விமானத்துக்கு அனுப்புவது இதன் வேலை. இந்த சிக்னலுக்குக் கட்டணம் கிடையாது. பொருத்தமான ரிசீவர் வைத்திருக்கும் யாரும் பெறலாம்.

பிழையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? டெல்லி, ஜம்மு, ஜெய்சால்மர், அகமதாபாத், போர்பந்தர், நாக்பூர், கோவா, பெங்களூரு, திருவனந்தபுரம், புவனேஸ்வர், கொல்கத்தா, கயா, குவாஹாட்டி, திப்ருகர், போர்ட் பிளேர் ஆகிய 15 ஊர்களில் குறிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அசையாமல் நிற்கும் ஓர் ஆன்டெனாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அது நிற்கும் இடத்தை மிக நுட்பமாக முன்கூட்டியே அளந்து வைத்திருக்கிறார்கள். 'நீ இங்கே நிற்கிறாய்' என்று ஜி.பி.எஸ். சொல்வதற்கும் உண்மையில் அது நிற்கும் இடத்துக்கும் வரும் வித்தியாசம்தான் பிழை. எடைக்கல்லை வைத்துத் தராசைச் சோதிப்பது போலத்தான்.

15 ஊர்களின் அளவீடுகளும் பெங்களூருவில் உள்ள கட்டுப்பாட்டு மையத்துக்கு ஓயாமல் போய்ச் சேர்கின்றன. அங்கே திருத்தம் கணக்கிடப்பட்டு, பெங்களூருவிலும் டெல்லியிலும் உள்ள அனுப்பு நிலையங்கள் வழியாக மேலே போகிறது. பூமியோடு சேர்ந்து சுற்றும் ஜிசாட் செயற்கைக்கோள்கள் அதை வாங்கி, ஜி.பி.எஸ். பயன்படுத்தும் அதே அலைவரிசையில் திருப்பி அனுப்புகின்றன. விநாடிக்கு 250 பிட் மட்டுமே கொண்ட சின்னச் செய்தி. இந்தச் சுற்று முழுவதும் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

அமெரிக்கா 2003-லேயே இப்படி ஒன்றைத் தொடங்கிவிட்டது. ஜப்பானும் ஐரோப்பாவும் தொடர்ந்தன. அப்படியே வாங்கிப் பொருத்தியிருக்கலாமே என்று தோன்றும். முடியாது. காரணம் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனையை ஒட்டிப் போகிறது. திருவனந்தபுரம் அருகே தும்பாவை ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். இந்தப் பகுதிக்கு மேலுள்ள அயனி மண்டலம், அதாவது மின்னேற்றத் துகள்கள் நிறைந்த வளிமண்டல மேலடுக்கு, மற்ற இடங்களைப் போல் அடங்கி இருப்பதில்லை. பகல் வெயிலில் மின்னேற்றத் துகள்கள் நடுக்கோட்டுக்கு மேலே எழும்பி, வடக்கிலும் தெற்கிலும் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் போய்க் குவிகின்றன. பொழுது சாய்ந்த பிறகு குமிழி குமிழியாகக் கலைகின்றன. அதன் வழியே வரும் ஜி.பி.எஸ். சிக்னல் தாமதப்படும், சில இரவுகளில் படபடவென்று துடித்து அறுந்தும் போகும்.

அயனி மண்டலத்தை ஒற்றை மெல்லிய ஓடாக வைத்துக் கணக்கிடும் மற்ற நாடுகளின் முறை இங்கே போதவில்லை. பல அடுக்குகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறையை இஸ்ரோ சொந்தமாக உருவாக்க வேண்டியிருந்தது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் சான்றிதழ் பெற்ற முதல் ஏற்பாடு ககன்தான். இதைப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. நம் வானத்தின் குணத்தை நாமே அளந்து, அதற்கான கணக்கை நாமே போட்டால்தான் வேலை நடக்கும் என்ற நிலை அது.

எளிதாகவும் முடிந்துவிடவில்லை. ககன் கருவியைச் சுமந்துபோன ஜிசாட்-4, 2010 ஏப்ரலில் ராக்கெட் தோல்வியால் கடலில் விழுந்தது. 2011-ல் ஜிசாட்-8, 2012-ல் ஜிசாட்-10, 2015-ல் ஜிசாட்-15 போன பிறகே திட்டம் முழு உருப்பெற்றது. வான்வழியில் பறப்பதற்கான சான்றிதழ் 2013 டிசம்பர் 30 அன்றும், தரையிறங்குவதற்கு உயர வழிகாட்டலோடு கூடிய சான்றிதழ் 2015 ஏப்ரல் 21 அன்றும் கிடைத்தன.

துல்லியம் என்றுதான் எல்லோரும் இதைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. ஒரு ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் தவறான நேரத்தைச் சொல்லத் தொடங்கினால், சாதாரண ரிசீவருக்கு அது சட்டென்று தெரியாது. தவறான இடத்தையே உறுதியாகக் காட்டிக்கொண்டிருக்கும். ககன் இருந்தால், 'இந்தச் செயற்கைக்கோளை நம்பாதே' என்ற எச்சரிக்கை சில விநாடிகளில் வந்துவிடும். மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் விமானிக்கு, இடம் தெரிவதைவிட அந்தத் தகவலை எவ்வளவு நம்பலாம் என்று தெரிவது பெரிது.

இப்போது பெரிய விமான நிலையங்களில் ஓடுபாதையின் முனையருகே ஐ.எல்.எஸ். கருவிகள் நிற்கின்றன. மேகமோ மழையோ இருந்தாலும் விமானத்தைச் சரிவாக இறக்கிக் கொண்டுவருபவை அவை. ஓடுபாதையின் ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியாக வேண்டும், பராமரிப்பும் அடிக்கடிப் பரிசோதனையும் வேண்டும். நாளுக்கு ஓரிரு விமானம் வரும் சிறு ஊருக்கு அது பெரும் சுமை. ககன் வழியாக இறங்கும் முறைக்கு எல்.பி.வி. என்று பெயர். தரையிலிருந்து ஏறத்தாழ 250 அடி உயரம் வரை, ஓடுபாதை கண்ணில் படாமலே இறங்கி வர அது வழிகாட்டும். அந்த ஊரில் புதுக் கருவி எதையும் நட வேண்டியதில்லை. ராஜஸ்தானில் அஜ்மீர் அருகே கிஷன்கரில் 2022 ஏப்ரலில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் இப்படி இறங்கிக் காட்டியது.

விதி என்ன சொல்கிறது? 2019 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பதிவாகும் விமானங்களில் ககன் வசதி கட்டாயம் என்று 2016-ன் தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கை அறிவித்தது. காலக்கெடு பிறகு தள்ளிவைக்கப்பட்டது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. சிக்னல் இலவசமாக வந்துகொண்டிருக்கிறது, ஆனால் மூன்று சேர்ந்தால்தான் அது பயணிக்குப் போய்ச் சேரும். விமானத்தில் அதற்கான ரிசீவர் இருக்க வேண்டும், அந்த ஊர் ஓடுபாதைக்கு எல்.பி.வி. இறங்குமுறை வரைந்து வெளியிடப்பட்டிருக்க வேண்டும், விமானிக்குப் பயிற்சியும் அனுமதியும் இருக்க வேண்டும். உங்கள் ஊருக்குச் சிறு விமான நிலையம் வருகிறது என்றால், ஓடுபாதையின் நீளத்தோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தமிழகக் கடற்கரைக்கு இந்தத் திட்டத்தில் ஒரு நேரடிப் பங்கு இருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் உருவானபோது, அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லாமல் போனது. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் சிக்னல் கிடைக்காது. குமரி மாவட்டக் கடலோர ஊர்கள் அதற்குக் கொடுத்த விலையை இன்றும் மறக்கவில்லை. ககன் செய்தியோ கடலிலும் கேட்கும். இதைக் கொண்டு ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காயிஸும் விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து 'ஜெமினி' என்ற சிறு கருவியை உருவாக்க, 2019 அக்டோபரில் மத்திய அரசு அதை அறிமுகப்படுத்தியது. புயல், பேரலை எச்சரிக்கையும் மீன்வளப் பகுதி விவரமும் ககன் வழியாக அதற்கு வரும். ப்ளூடூத் மூலம் செல்போன் செயலியில் படித்துக்கொள்ளலாம்.

வாங்க நினைப்பவர்கள் மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஒன்றை மட்டும் படகில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: ஜெமினி கேட்கும் கருவி, கூப்பிடும் கருவி இல்லை. அதிலிருந்து கரைக்குச் செய்தி அனுப்ப முடியாது. உதவி கேட்பதற்கான வி.எச்.எஃப். வயர்லெஸ் கருவியும் அபாய அறிவிப்புக் கருவியும் படகில் தனியாக இருந்தே ஆக வேண்டும்.