டிபென்டென்சி: சார்பு, சார்புநிலை, சார்புப் பொதி

லினக்ஸ் வழங்கல்களில் ஒரு பொதி (பேக்கேஜ், நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்) இயங்குவதற்கு இருந்தே ஆக வேண்டிய இன்னொரு பொதி, டிபென்டென்சி. அவ்விரண்டுக்கும் உள்ள உறவுக்கும் அதே பெயர்தான்.

லத்தீனில் 'கீழே தொங்குதல்' என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்த சொல் இது. பெண்டுலம், பென்டன்ட் ஆகியவற்றுக்கும் அதே வேர். தமிழில் சார் என்ற வினை நமக்குப் பழையது. குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் மூன்றும் வேறு எழுத்தைச் சார்ந்தே வருவன என்று வகுத்தது தொல்காப்பியம். அவற்றுக்குச் சார்பெழுத்து என்று பெயர். தனித்து நிற்காதது என்ற அந்த இலக்கணப் பொருள் மென்பொருளுக்கும் பொருந்துகிறது. சார்பு என்றால் பற்றுக்கோடு என்றும் பொருள் உண்டு. ஆக, உறவு, உறவின் மறுமுனையில் இருக்கும் பொருள் இரண்டையும் இந்த ஒரு சொல்லே தாங்கும்.

இடிப்பது ஓரிடத்தில்தான். பள்ளிக் கணிதத்தில் ஃபங்ஷனுக்கும் சார்பு என்றே பெயர். நிரல் பற்றிய கட்டுரையில் 'சார்பு கிடைக்கவில்லை' என்று எழுதினால் எது கிடைக்கவில்லை என்று தெரியாது. அங்கே உறவைச் சார்புநிலை என்றும், தேவைப்படும் பொதியைச் சார்புப் பொதி என்றும் பிரித்து எழுதுவது நல்லது.

டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பொதிக்குள்ளும் இருக்கும் கண்ட்ரோல் கோப்பில் சார்புகள் தரம் பிரித்து எழுதப்பட்டிருக்கும். 'டிபென்ட்ஸ்' கட்டாயம். 'ரெகமெண்ட்ஸ்' பரிந்துரை; பொதிகளை இறக்கி நிறுவித் தரும் ஆப்ட் என்ற கருவி அதையும் வழக்கமாகச் சேர்த்தே நிறுவும். 'சஜஸ்ட்ஸ்' யோசனை மட்டும். 'ப்ரீ-டிபென்ட்ஸ்' இருந்தால், அதில் சொன்ன பொதியை நிறுவி அமைத்து முடித்த பிறகே இந்தப் பொதியை விரிக்கவே (உள்ளிருக்கும் கோப்புகளைப் பிரித்து வைக்கவே) தொடங்கும். 'கான்ஃப்ளிக்ட்ஸ்', 'பிரேக்ஸ்' இரண்டும் முரணைச் சொல்பவை. முன்னது இரு பொதிகளையும் ஒரே கணினியில் ஒரே நேரத்தில் விரிக்கவே விடாது. பின்னது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், மேம்படுத்தும்போது பழைய பதிப்பை ஓரமாக வைத்துவிட்டு நகர அனுமதிக்கும். இவற்றைச் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் மறுப்பதோடு, ஆப்டுக்கு அடியில் இருந்து பொதியை நிறுவும் டிபிகேஜி என்ற கருவி நின்றுவிடும். எதைக் கூட்டினால், எதைக் கழித்தால் பொருந்தும் என்று தேடுவது ஆப்டின் வேலை.

உண்மையான சிக்கல் நூலகங்களில்தான், அதாவது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்துண்டுகளில்தான் வரும். மறையாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல் நூலகம் டெபியன் 11இல் லிப்எஸ்எஸ்எல்1.1 என்ற பொதியாக இருந்தது; டெபியன் 12இல் லிப்எஸ்எஸ்எல்3. நிரல்கள் நூலகத்தோடு பேசும் இடைமுகம் ஒத்துப்போகாத அளவுக்கு மாறினால், நிரல்கள் அதைத் தேடும் பெயரான சோநேமில் உள்ள எண் மாறும், பொதியின் பெயரும் கூடவே மாறும். கோப்புப் பெயர்கள் வேறு என்பதால் பழையதும் புதியதும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கலாம். ஆனால் பழையதைச் சார்ந்த அத்தனை பொதிகளையும் புதியதோடு சேர்த்து மறுபடி தொகுத்தாக (கம்பைல் செய்தாக) வேண்டும். இந்த ஒருங்கிணைப்புக்கு டெபியனில் டிரான்சிஷன் என்று பெயர். பெயர்ச்சி என்று சொல்லலாம்தான், ஆனால் சனியும் குருவும் குறுக்கே வருவார்கள். நிலைமாற்றம் போதும்.

பராமரிப்பாளர் புதிய நூலகத்தை முதலில் சோதனைக்கான எக்ஸ்பெரிமென்டல் கிளையில் ஏற்றுவார். அதைச் சார்ந்த பொதிகளைச் சோதனையாகத் தொகுத்துப் பார்த்து, உடைபவற்றின் மீது வழு பதிவார். வெளியீட்டுக் குழுவிடம் அனுமதி கேட்டு, கிடைத்த பிறகே அன்றாட வளர்ச்சிக்கான அன்ஸ்டேபிள் கிளையில் ஏற்றுவார். மூல நிரல் மாறாமல் மறுதொகுப்பு மட்டும் செய்த பொதிகளின் பதிப்பெண் கடைசியில் '+பி1' என்று வால் முளைக்கும். அங்கிருந்து, அடுத்த வெளியீடு உருவாகும் டெஸ்டிங் கிளைக்குக் கடத்துவது பிரிட்னி என்ற நிரல். அவசரத் தரத்தைப் பொறுத்து 2, 5 அல்லது 10 நாள் காத்திருப்பு வழக்கம். அதன் பிறகும், டெஸ்டிங்கில் வேறு எதுவும் உடையாது என்று தெரிந்தால்தான் விடும். ஆகவே ஒரே ஒரு பொதி ஒரே ஒரு கட்டமைப்பில் (செயலி வகையில்) தொகுக்க முடியாமல் நின்றாலும் மொத்தக் கூட்டமும் அதற்காகக் காத்துக் கிடக்கலாம். கவனிப்பாரில்லாத பொதி என்றால் அதை டெஸ்டிங்கிலிருந்து நீக்கி மற்றவற்றுக்கு வழிவிடுவார்கள். ஒரே பொதி இரண்டு நிலைமாற்றங்களில் மாட்டிக்கொண்டால் இரண்டும் சேர்ந்தே தேங்கும். அனுமதியை வரிசைப்படுத்தித் தருவது அதனால்தான்.

2024இல் நடந்த நேர நிலைமாற்றம் இதில் பெரியது. 32 பிட் எண்ணில் வைக்கும் நேரம் 2038 ஜனவரி 19இல் நிரம்பிவிடும். அதை 64 பிட்டாக்கினார்கள். ஏஆர்எம் செயலிகளுக்கான ஏஆர்எம்எச்எஃப் போன்ற 32 பிட் கட்டமைப்புகளில் இடைமுகம் உடைந்தது, சோநேம் மட்டும் மாறவில்லை. அதனால் பொதிப் பெயரில் 'டி64' ஒட்டு சேர்த்து லிப்எஸ்எஸ்எல்3டி64 என்றாக்கினார்கள். இந்த முறை உள்ளே இருக்கும் கோப்பின் பெயர் ஒன்றே. பழையதும் புதியதும் கூடி இருக்க முடியாது. 64 பிட் கணினிகளில் புதிய பொதி 'பழைய பெயரும் நானே' என்று 'புரொவைட்ஸ்' வரியில் அறிவித்துக்கொண்டதால் பழைய சார்புகள் தீர்ந்தன. ஏஆர்எம்எச்எஃபில் அந்த வரி இல்லை. மறுதொகுப்பு ஆகாத பொதிகள் எல்லாம் தொங்கின.

அப்படிப்பட்ட நாளில் 'ஆப்ட் அப்கிரேட்' எதையும் நீக்காது. பழையது போனால்தான் புதியது வரும் என்றால் அந்தப் பொதியை மேம்படுத்தாமல் நிறுத்திவைக்கும். 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்' நீக்கவும் துணியும். முதலில் '--சிமுலேட்' சேர்த்து ஓட்டி, நீக்கப்படுபவை என்ற பட்டியலைப் படியுங்கள். டெஸ்க்டாப்பின் மையப் பொதி அதில் இருந்தால் நிஜமாக ஓட்டாமல் ஓரிரு நாள் பொறுப்பதே சரி. வெளியாகிவிட்ட ஸ்டேபிள் கிளையில் முரண் வந்தால் சந்தேகிக்க வேண்டியது வெளியாரின் களஞ்சியத்தையும், எப்போதோ மாறாதபடி 'ஹோல்ட்' போட்டு மறந்த பொதியையும்தான். 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' இரண்டாவதைக் காட்டும். 'ஆப்ட் பாலிசி' என்று எழுதிப் பொதியின் பெயரைக் கொடுத்தால் எந்தப் பதிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

உடன் வரும் சொற்களுக்கு: நிறைவேறாத டிபென்டென்சியைத் தீராச் சார்பு எனலாம். என்னைச் சார்ந்திருக்கும் பொதி எதிர்ச்சார்பு. இரு பொதிகள் ஒன்றையொன்று சார்ந்தால் வட்டச் சார்பு. நிறுவிய பின் ஓட வேண்டிய குறுநிரல் எந்தப் பொதியில் இல்லையோ, அந்த இடத்தில் டிபிகேஜி வட்டத்தை வெட்டிவிடும்.